வகுப்பெடுக்காத மேடம்

மாதம் பன்னிரண்டாயிரம் தருவதாகச் சொல்லிவிட்டு ஆயிரத்து இருநூறைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் எந்த வீட்டிலும் முகம் சுளிப்பார்கள். பிரிசில்லாவின் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். பிடித்தது வருமான வரி என்று சொன்னதுதான் காரணம்.

அவள் அப்பா தேவசகாயம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்குகிற காண்ட்ராக்ட் ஆள். இருபத்திரண்டு வருஷத்தில் ஏழு காண்ட்ராக்டர்கள் மாறினார்கள். ஒருவர்கூட பி.எஃப். பிடிக்கிற அளவுக்கு அவரை மதித்ததில்லை. சம்பளத்தில் எதுவும் பிடிக்காமல் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு வா என்பார்கள். வராதே என்றாலும் கேட்க ஆளில்லை. அப்படிப்பட்டவருக்கு, தன் பெண்ணின் பணத்தில் அரசாங்கமே கை வைத்துப் பிடிக்கிறது என்பது பட்டம் கட்டிய மாதிரி இருந்தது.

"எலேய் சின்னையா, எம்பொண்ணு இன்கம் டாக்ஸ் கட்டுது, தெரிமா?" என்று டீக்கடையில் சொல்லிவிட்டுத்தான் கிளாஸைக் கையில் வாங்குவார்.

"நம்ம தெருவுல மொத ஆளு மாமா. இனிமே டீக்கு ஒரு ரூவா ஜாஸ்தி குடு" என்பான் கடைக்காரன் சின்னையன்.

பான் கார்டு தபாலில் வந்த அன்று அம்மா தைலம்மாள் அதைப் பைபிளுக்குள் வைத்துவிட்டாள். கல்லூரியில் நகல் கேட்டபோது சங்கீதப் புத்தகம் முழுவதும் புரட்டித் தேட வேண்டியதாயிற்று.

பிரிசில்லா சிதம்பரத்தை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் வேதியியலில் ஆராய்ச்சி செய்தாள். கடற்கரை ஊர்க் கிணறுகளில் உப்பு எவ்வளவு தூரம் ஏறிவருகிறது என்பது அவள் ஆய்வு. தில்லியில் உள்ள ஓர் அமைப்பு எழுத்துத் தேர்வு வைத்து அவளைத் தேர்ந்தெடுத்து, இரண்டாயிரத்து எட்டு ஜூலையிலிருந்து மாதாமாதம் உதவித்தொகை அனுப்பியது. பணம் நேராக அவளுக்கு வராது. கல்லூரிக் கணக்குக்கு வரும். அலுவலகக் கண்காணிப்பாளர் தட்சிணாமூர்த்தி காசோலையாகக் கொடுப்பார். இரண்டு வருஷம் கழித்தும் வேறு வேலை எதிலும் இல்லாமல் முழுநேரமும் ஆய்வே செய்திருந்தால் தொகையை உயர்த்தி மேலும் மூன்று வருஷம் தருவார்கள். அதுதான் விதி.

முழுநேரமும் ஆய்வு செய்ய யார் விட்டார்கள்? அவளுடைய நெறியாளரும் துறைத் தலைவருமான ராமாமிர்தம், அவள் சேர்ந்த இரண்டாவது வாரமே கூப்பிட்டார். அப்போதுதான் இரண்டு விரிவுரையாளர்கள் இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் இடத்தில் கல்லூரி யாரையும் போடவில்லை.

"நாளைக்கு ரெண்டாவது பி.எஸ்சி. லேபுக்கு நீ போய் நில்லும்மா. எக்ஸ்பீரியன்ஸ். காசு குடுத்தாலும் கிடைக்காது."

காசு கொடுத்தாலும் கிடைக்காத அந்த அனுபவம் காசே இல்லாமல் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் கிடைத்தது. லேப் அவள், பாடம் அவள், ரெக்கார்டு நோட்டு திருத்துவது அவள், மாதத் தேர்வுக்குக் கேள்வி எடுப்பதும் அவள். பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து எடுத்துவந்த கிணற்றுத் தண்ணீர் பாட்டில்கள் தேதி ஒட்டியபடியே அலமாரியில் கிடக்கும். மாணவிகள் அவளை மேடம் என்றார்கள். மற்ற ஆய்வு மாணவிகளை அக்கா என்பார்கள். அந்த ஒரு வித்தியாசம் அவளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மாதக் கடைசியில் தட்சிணாமூர்த்தி ஒரு ரசீதை நீட்டுவார். மேல் பாதியை மடித்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய இடம் மட்டும் தெரியும்படி விரலால் அழுத்திப் பிடித்திருப்பார். முதல் மாதம் பிரிசில்லா மடிப்பைப் பிரிக்கப் போனாள்.

"இன்னா படிச்சிப் பாக்குற? உன் சொத்தயா எழுதி வாங்குறன்?" என்றார். பின்னால் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அதன்பிறகு அவள் பிரிக்கவில்லை. படித்த பெண், எம்.எஸ்சி. தங்கப் பதக்கம், ஒரு தாளின் மடிப்பைப் பிரிக்கக் கூச்சப்பட்டாள். இந்த நாட்டில் பாதி அயோக்கியத்தனம் மற்றவர்களின் கூச்சத்தில்தான் பிழைக்கிறது.

வரி எதற்கு என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

"வருமானம் வந்தா வரி உண்டு. நாங்க கட்டல? உனக்கு மட்டும் கொம்பா மொளச்சிருக்குது?"

வருஷக் கடைசியில் படிவம் பதினாறு ஏ என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார். இவ்வளவு பணம், இவ்வளவு வரி, கல்லூரி முத்திரை, அவளுடைய பான் எண். நடுவில் ஏதோ ஒரு பிரிவு எண். இரண்டு வருஷத்துக்கு இரண்டு சான்றிதழ். தேவசகாயம் அவற்றுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தார்.

இரண்டாயிரத்துப் பத்து ஜூனில் உதவித்தொகை நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டி வந்தது. வீட்டில் உட்கார்ந்து பிரிசில்லா தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா அந்தப் பிளாஸ்டிக் உறையோடு வந்தார்.

"இதயும் வச்சி அனுப்பு பாப்பா. கவர்மெண்டுகிட்ட வாங்கித் தின்னுட்டுச் சும்மா இருக்கல, கவர்மெண்டுக்கே காசு கட்டுற புள்ளன்னு அவுங்களுக்கும் தெரியட்டும்."

அதை யாரும் கேட்கவில்லை. வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. இலவசத்தில் படிக்கிறவள் என்று யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒருமுறையாவது குத்திக்காட்டுகிற இடத்தில் இருப்பவளுக்கு, நானும் கட்டுகிறேன் என்று காட்ட ஒரு தாள் கிடைத்தால் விடுவாளா? இரண்டு சான்றிதழ்களையும் நகல் எடுத்து, கையொப்பமிட்டு, விண்ணப்பத்தின் மேலேயே வைத்தாள்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. நீங்கள் உதவித்தொகை பெற்ற இரண்டு வருஷமும் அதே கல்லூரியில் பணிபுரிந்து கட்டணம் பெற்றிருப்பது நீங்கள் இணைத்த சான்றிதழ்களிலிருந்தே தெரிகிறது. ஆய்வாளர் வேறு பணி செய்யக் கூடாது. உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. முப்பது நாளில் விளக்கம் தர வேண்டும். தவறினால் பெற்ற தொகை இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

பிரிசில்லா கடிதத்தை மூன்று தரம் படித்தாள். அது யாரோ வேறொருத்திக்கு வந்த கடிதம் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை அப்பாவும் அவளும் மஞ்சக்குப்பத்துக்குப் போனார்கள். மைதானத்துக்கு எதிரே ஒரு மாடியில் ஆடிட்டர் அலுவலகம். அங்கே உதவியாளராக இருந்த செம்பியன் அவர்கள் சபையைச் சேர்ந்தவன். பள்ளியில் அவளுக்கு ஆறு வருஷம் மூத்தவன். சான்றிதழை வாங்கி ஒரு பார்வைதான் பார்த்தான்.

"தில்லிக்கு இத யாரு அனுப்பச் சொன்னது?"

"நான்தாம்ப்பா" என்றார் தேவசகாயம்.

செம்பியன் சிரிக்க வந்ததை விழுங்கிக்கொண்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னான்.

"மாமா, படிப்புச் செலவுக்குன்னு குடுக்குற ஸ்காலர்ஷிப்புக்கு வரியே கெடயாது. பத்து ரூவாயா இருந்தாலும் சரி, பத்து லட்சமா இருந்தாலும் சரி. சட்டத்துலயே போட்டிருக்குது."

"அப்ப இது?"

"இந்த நம்பரப் பாருங்க. தொண்ணூத்தி நாலு ஜே-ன்னு முடியுதே, இது வேல செய்ய வச்சி ஃபீஸ் குடுத்தா பத்து பர்சென்ட் புடிக்கிற பிரிவு. டாக்டரு, வக்கீலு, வெளிய இருந்து வந்து பாடம் எடுக்குற லெக்சரரு, இவுங்களுக்கு. பிரிசி, உன்ன லேபுக்கு அனுப்புனாங்களா?"

"வாரம் பதினாறு மணி நேரம் அண்ணா."

"அதுக்குத் தனியா எதனாக் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அங்கதான் உன் தலையில மொளகா அரச்சிருக்கானுங்க. காலேஜு ஒரு லெக்சரருக்குச் சம்பளம் குடுத்ததாக் கணக்கு காட்டணும். தில்லியில இருந்து உனக்கு வந்த காசையே சம்பளமா எழுதி, உன் கையெழுத்தயும் வாங்கிட்டானுங்க. படிக்கிறதுக்கு வந்தா அது ஸ்காலர்ஷிப்பு. வேலைக்குன்னு எழுதிட்டா கூலி. கூலின்னா வருமானம், வருமானம்னா வரி. அவுங்க கைக்காசு ஒரு பைசா போகல. உன் காசுலயே உன்ன வேலைக்கு வச்சிருக்கானுங்க."

மடித்த ரசீது பிரிசில்லாவின் கண்முன் வந்தது. அதை அழுத்தியிருந்த விரலும் வந்தது. நகக்கண்ணில் எப்போதும் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கும் விரல். எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள்.

"இதுக்கு இன்னாதான் பண்றது?" என்றார் அப்பா.

"காலேஜு கணக்கத் திருத்தி, இது ஸ்காலர்ஷிப்புதான், ஃபீஸு இல்லன்னு எழுதிக் குடுக்கணும். குடுத்தா தில்லியும் ஒத்துக்கும், புடிச்ச வரியும் திரும்ப வரும். குடுக்கலன்னா ரெண்டும் போச்சி."

தேவசகாயம் சான்றிதழைக் கையில் எடுத்தார். பிளாஸ்டிக் உறையின் மேல் இருந்த தூசியைத் துடைத்தார்.

"அப்ப இது மரியாதைக்குப் புடிக்கலியாப்பா?" என்று கேட்டார்.

பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறவரை அப்பா அந்த உறையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். மறுநாளிலிருந்து சின்னையன் கடைக்குப் போவதை விட்டார். வேற கடையில டீ நல்லா இருக்கு என்று காரணம் சொன்னார்.

பிரிசில்லா அடுத்த நாள் நேராக தட்சிணாமூர்த்தியிடம் போனாள். மதியச் சாப்பாடு முடித்து, பல்குத்தியால் கடைவாயைக் குடைந்துகொண்டிருந்தார். கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். பல்குத்தியை எடுக்காமலே படித்தார்.

"இதுக்குத்தான் சொல்றது. படிக்க வேண்டிய புள்ள படிச்சிட்டுப் போவணும். கண்ட தாள எல்லாம் அனுப்பச் சொல்லி நானா சொன்னேன்?"

"என் ஸ்காலர்ஷிப்ப எதுக்கு சார் லெக்சரர் சம்பளமா எழுதினீங்க?"

"யாரு எழுதுனது? கையெழுத்து யாருது?"

"மடிச்சி வச்சி வாங்கினீங்க."

அவர் பல்குத்தியை எடுத்து அதன் நுனியைப் பார்த்தார். பிறகு, ரகசியம் சொல்கிறவர் மாதிரி குரலைத் தணித்துக்கொண்டார்.

"த பாரும்மா. உங்களுக்கெல்லாம் அரசாங்கம் சும்மா தூக்கிக் குடுக்குற காசு. எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு எவன் குடுக்குறான்? அந்தக் காசுக்கு நாலு கிளாஸ் எடுத்தா ஒடம்பு தேஞ்சா போயிடும்?"

உங்களுக்கெல்லாம். அந்தச் சொல்லை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுவருகிறாள். இலவச நோட்டு வாங்கும் வரிசையிலும் விடுதியில் தட்டு வாங்கும் வரிசையிலும் கேட்டிருக்கிறாள். சும்மா கொடுத்த காசாம்! ஆயிரக்கணக்கான பேர் எழுதிய தேர்வில் பாஸ் பண்ணி வாங்கியது. அதைச் சும்மா வந்தது என்று சொல்லிவிட்டு, அதையே தின்றுவிட்டு, ஏப்பமும் அவள் முகத்திலேயே விடுகிறான் இந்த மனுஷன். மேஜைமேல் அவர் துப்பி வைத்த பருக்கைத் துணுக்கு ஒன்று கடிதத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. பிரிசில்லா கடிதத்தை எடுத்து ஜன்னல் கம்பியில் தேய்த்துவிட்டு வெளியே வந்தாள்.

ராமாமிர்தம் அப்படிப் பேசுகிறவர் அல்ல. அவர் விபூதியும் சிரிப்புமாக மென்மையாகப் பேசுவார். "ஆஃபீஸ்ல ஏதோ எழுத்துப் பிழை. விடும்மா, பாத்துக்கலாம்" என்றார். பார்க்கவில்லை. பிரிசில்லா தில்லிக்குத் தானே விளக்கம் எழுதினாள். நேரில் விசாரிக்க ஒருவரை அனுப்புகிறோம் என்று பதில் வந்ததும்தான் துறைத் தலைவருக்கு வேர்த்தது. அன்று மாலையே கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொல்லி, காபி வாங்கிவந்து வைத்தார். இரண்டு வருஷத்தில் முதல் காபி.

"விசாரணையில ஒரே கேள்விதான் கேப்பாங்க. நீ கிளாஸ் எடுத்தியா, இல்லியா? இல்லன்னு சொல்லிடு. அன்னிக்கே நாங்க கணக்கத் திருத்தி, இது ஸ்காலர்ஷிப்னு லெட்டர் குடுத்துடறோம். உன் பணம் வரும், வரியும் வரும், தீசிஸும் முடிஞ்சிடும்."

"நான் எடுத்தனே சார்."

"எடுத்தேன்னு சொன்னா ரூலை மீறினது நீ. ரெண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் கட்டப்போறது உங்கப்பா. காலேஜ் கட்டாது. யோசிச்சிக்கோ."

காபியில் ஆடை படர்ந்தது. அவள் தொடவில்லை.

வீட்டில் யோசிக்க ஒன்றும் இல்லை. தேவசகாயத்தின் தினக்கூலி நூற்றைம்பது. அந்தத் தொகையைக் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட யாருக்கும் துணிவில்லை. "நீ எது சொன்னாலும் சரி பாப்பா" என்றார் அப்பா. அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை விசாரணை. சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்தார். மெல்லிய ஆள், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். முதல்வர் அறையில் ஒரு பக்கம் அவர். இன்னொரு பக்கம் ராமாமிர்தமும் தட்சிணாமூர்த்தியும். பிரிசில்லாவைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். மேஜைமேல் முந்திரிப் பருப்பு, பிஸ்கட், ஆப்பிள். ஏதோ பெண் பார்க்க வந்தவரை உபசரிப்பது போல் தட்சிணாமூர்த்தி தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

கல்லூரி சாட்சிக்கு ஐந்து மாணவிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. ஐந்து பேரும் அவளிடம் படித்தவர்கள். இப்போது மூன்றாம் வருஷம். ஒவ்வொருத்தியும் ஒப்பிக்கிற மாதிரி ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். எங்களுக்கு இவங்க வகுப்பு எடுத்ததில்லை, லேபில் ஆராய்ச்சி செய்வதைப் பார்த்திருக்கிறோம். முதல் பெண் சொன்னபோது பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவது பெண் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டாள். நாலாவது பெண் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதையே சொன்னாள். போன வருஷம் அந்தப் பெண் ஆசிட்டைக் கையில் கொட்டிக்கொண்டபோது குழாயடியில் பத்து நிமிஷம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது பிரிசில்லா.

கடைசியாக ஸ்ரீமதி வந்தாள். புவனகிரிப் பக்கத்துப் பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி. விசாரிக்க வந்தவர் கேட்டார்.

"இவங்க உங்களுக்குக் கிளாஸ் எடுத்தாங்களாம்மா?"

ஸ்ரீமதி அவரைப் பார்க்கவில்லை. பிரிசில்லாவைப் பார்த்தே சொன்னாள்.

"இல்ல சார். இல்லதானே மேடம்? நீங்க எங்களுக்கு கிளாஸ் எடுக்கல மேடம்."

பேராசிரியரின் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றில் விட்டார்.

"மேடமா? ரிசர்ச் ஸ்காலரையெல்லாம் இங்க மேடம்னுதான் கூப்பிடுவீங்களா?"

ஸ்ரீமதியின் கண் ராமாமிர்தத்திடம் ஓடித் திரும்பியது. "மத்தவங்கள அக்கான்னுதான் கூப்புடுவோம் சார்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

பேராசிரியருக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. இதோ கேட்கப்போகிறார், இதோ ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லப்போகிறார் என்று பிரிசில்லா காத்திருந்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நாலரைக்கு வண்டி இல்லையா?" என்று தட்சிணாமூர்த்தியைக் கேட்டார்.

"ஸ்டேஷனுக்குக் கார் ரெடி சார்."

"சரிம்மா, நீங்களே சொல்லிடுங்க" என்று பிரிசில்லாவிடம் திரும்பினார். குரலில் கொஞ்சம் கருணைகூட இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது. "எடுத்தேன்னு சொன்னா உங்களுக்குத்தான் கஷ்டம். ரூல் நான் போட்டது இல்ல. வகுப்பு எடுத்தீங்களா?"

இரண்டு வருஷம். வாரம் பதினாறு மணி நேரம். முப்பத்திரண்டு பெண்களின் ரெக்கார்டு நோட்டு. அத்தனையையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு பிரிசில்லா எழுந்து நின்றாள். அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது.

"எடுக்கல சார்" என்றாள்.

கையெழுத்துப் போடும்போது இந்தத் தடவை தாளை யாரும் மடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. படித்துப் பார்த்தே போட்டாள். ராமாமிர்தம் அவள் தோளைத் தட்டி "குட் கேர்ள்" என்றார். குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள், திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். அவர்கள் சொன்ன பொய்யைத் துப்பிவிடலாம். தன் வாயே சொன்னதை என்ன செய்வது?

கல்லூரி சொன்னபடி செய்தது. இவர் முழுநேர ஆய்வு மாணவி, இவருக்குக் கற்பித்தல் பணி எதுவும் ஒருபோதும் தரப்படவில்லை என்று முத்திரையோடு கடிதம் போயிற்று. வருமான வரிக் கணக்கும் திருத்தப்பட்டது. நின்றுபோன உதவித்தொகை டிசம்பரில் மொத்தமாக வந்தது, உயர்த்திய தொகையோடு, ஒரு பைசா பிடிக்காமல். பிடித்த வரியைத் திரும்பக் கேட்டு செம்பியன் மனு எழுதிக் கொடுத்தான். அம்மா ஆலயத்தில் நன்றிக் காணிக்கை செலுத்தினாள். வீட்டில் எல்லோரும் பிழைத்தோம் என்றார்கள். பிரிசில்லாவும் சொன்னாள்.

ஜனவரி முதல் வாரம், கல்லூரி திறந்த மூன்றாம் நாள். பிரிசில்லா தண்ணீர் பாட்டில்களுக்குப் புது லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ராமாமிர்தம் எட்டிப் பார்த்தார். அதே விபூதி, அதே சிரிப்பு.

"மூணாவது ஹவர்ல தேர்டு இயர் லேப் இருக்கும்மா. ஒம்போது நாள்ல பிராக்டிகல் எக்ஸாம். கொஞ்சம் போய்ப் பாத்துக்க."

எப்படி முடிகிறது இவர்களால்? முதலில் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. நாலு மாதத்துக்கு முன் அவளை வகுப்பே எடுக்காதவளாக ஆக்கிய வாய், இன்று உப்பு வேண்டுமென்று பக்கத்து வீட்டில் கேட்கிற மாதிரி கேட்கிறது.

"நான் எப்படி சார் போறது? எனக்குக் கற்பித்தல் பணி ஒருபோதும் தரப்படலன்னு நீங்கதானே தில்லிக்கு எழுதினீங்க?"

"அது பேப்பருக்கும்மா."

"இப்ப நான் போனா பேப்பர் பொய்யாயிடும் சார். கையெழுத்து உங்களுது. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்."

சிரிப்பு போன இடத்தில் விபூதி மட்டும் இருந்தது. "தீசிஸ்ல கையெழுத்து போடப்போறவனும் நான்தான், ஞாபகம் வச்சிக்க" என்றார்.

"மடிக்காம நீட்டுறேன் சார். படிச்சிட்டே போடுங்க."

அவர் போய்விட்டார். வேறு ஆள் இல்லாததால் அவரே லேபுக்குப் போக வேண்டியதாயிற்று. பதினொரு வருஷமாக அவர் பியூரெட் குழாயைக் கையால் தொட்டதில்லை என்பது துறை முழுவதற்கும் தெரியும். பிரிசில்லாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு விசில் அடித்துக்கொண்டே இரண்டு லேபிள் ஒட்டினாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏதோ கண்ணாடி உடைகிற சத்தமும் அவர் யாரையோ அதட்டுகிற சத்தமும் கேட்டன.

கால் மணி நேரத்தில் ஸ்ரீமதி கதவருகே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மேடம், இண்டிகேட்டர் எங்க இருக்குதுன்னு சார் கேக்குறாரு மேடம்."

விசாரணைக்குப் பிறகு இன்றுதான் இருவரும் நேருக்கு நேர். பிரிசில்லா பாட்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை. நிறம் மாறிக் காட்டும் அந்தக் கரைசலை டிசம்பரில் அவளே தயாரித்து வைத்தாள், பழக்கதோஷத்தில், யாரும் கேட்காமலே.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்களுக்கு நான் கிளாஸே எடுத்தது இல்லியே."

ராமாமிர்தத்திடம் சொன்னபோது இனித்தது இங்கே இனிக்கவில்லை. ஸ்ரீமதிக்கு முகம் சிவந்தது. அழுவாள் என்று பிரிசில்லா எதிர்பார்த்தாள். அழட்டும் என்றுகூட நினைத்தாள்.

"இன்டர்னல் மார்க் இருவத்தஞ்சும் அவர் கையில மேடம். இல்லன்னு சொன்னாத்தான் போடுவேன்னாரு. எங்கப்பா கரும்பு வெட்டுறவரு. ஃபெயிலானா அடுத்த வருஷம் ஃபீஸ் கட்ட முடியாது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் இல்லன்னுதானே மேடம் சொன்னீங்க?"

பிரிசில்லா பாட்டிலிலிருந்து கையை எடுத்தாள். பசை காய்ந்துபோன லேபிள் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது தட்டுல, பிரவுன் பாட்டிலுக்குப் பின்னாடி இருக்குது" என்றாள். "ரெண்டு சொட்டுதான் விடணும். சார்கிட்ட சொல்லு."